நாற்பது நிமிடச் சர்க்கரை

"பேசக் கூடாது, படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, முடிஞ்சா எதையும் யோசிக்காம படுத்திருங்க சார், நாப்பது நிமிஷம்" என்று சொல்லி விளக்கைத் தணித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள் ஸ்கேன் பிரிவு நர்ஸ் ஜெசிந்தா. முதல் மூன்றும் மாசிலாமணிக்கு ஒரு பொருட்டில்லை. இருபத்தெட்டு வருடமாகச் சர்க்கரை ஆலையில், பாகு காய்ச்சுகிற பான் என்னும் பெருங்கொப்பரைகளின் மேடையில், நீராவியும் பம்பும் போடுகிற இரைச்சலில், கண்ணாலும் கையாலுமே வேலை வாங்கிப் பழகியவர். நாலாவதுதான் இடித்தது. யோசிக்காமல் இருப்பது எப்படி என்று பார்க்கத் தொடங்கினால் அதுவே யோசனையாகிவிடுகிறது. சாய்வு நாற்காலி சுகமாகத்தான் இருந்தது. வலது முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். இடது கையில் ஒரு மணிப் பொத்தானைக் கொடுத்திருந்தாள், அவசரமென்றால் அமுக்கலாம். அமுக்காமல் இருந்தால் நல்லது, பேசினால் பேச்சுக்கான இடத்துக்குச் சர்க்கரை ஓடிவிடும், காது கேட்டால் காதுக்கான இடத்துக்கு ஓடிவிடும், படம் கெடும் என்றும் சொல்லியிருந்தாள். ஊசி போடும்போது அது நிஜச் சர்க்கரை இல்லை, சர்க்கரை வேஷம் போட்டது என்றாள். மூளையின் செல் ஏமாந்து சாப்பாடு என்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் எரிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது, அது அங்கேயே உட்கார்ந்து ஒளி விட்டுக்கொண்டிருக்கும், எங்கே நன்றாகப் பசித்துச் சாப்பிடுகிறதோ அங்கே வெளிச்சம், சாப்பிடாத இடம் மங்கல். எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்டார். நாளா, இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. காய்ந்த கிடங்கில் அடுக்கினால் அவருடைய சர்க்கரை இரண்டு வருடம் அப்படியே இருக்கும். வழியிலேயே கரைந்துபோகிற சர்க்கரையை ஈயப் பெட்டியில் வைத்து விடியற்காலையில் எங்கிருந்தோ காரில் கொண்டுவருகிறார்களாம். இருக்கட்டும். சர்க்கரை என்றால் அவருக்குப் பயமில்லை. அதன் குணம் தெரியும். அவசரப்படுத்தினால் பாகில் குருணை கட்டாது, கண்ணை எடுத்தால் கெடும், பொறுமையாக நின்றால் தானே வரும். கைக்கடிகாரம் வெளியே மனைவி தையல்நாயகியிடம் இருந்தது. அதனால் என்ன. பான் மேடையில் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறவன் பான்மேனே இல்லை. பாகு இறுக ஆகும் நேரம், விதை போட்ட பின் கண்ணுக்குக் குருணை தெரிய ஆகும் நேரம், அது கழுவி எழுந்து வளர ஆகும் நேரம், எல்லாம் உடம்பில் இருக்கிறது. மனசுக்குள் ஒரு பானை ஏற்றிவிட்டால் போதும், நாற்பது நிமிடம் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். ஏற்றினார். பாகு உள்ளே இறங்குகிறது. கண்ணாடித் துவாரத்தில் நுரை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஏன் ஐந்து என்று தோன்றியது, ஆறாக இருக்கக் கூடாதா, என்று கேட்டுக்கொண்டபோதுதான் மீசை ஞாபகம் வந்தது. காலையில் கார் ஆலைக் குடியிருப்பைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் தையல்நாயகி அவர் முகத்தைப் பார்த்து, என்னங்க இது மீசையில என்று முந்தானை நுனியால் ஒரு துடை துடைத்தாள். எதைத் துடைத்தாள். கிளம்பும்போது, சீசன் நேரம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு மேடை ஏறினார். ஐந்து நிமிடம்கூட இல்லை. மூன்றாம் நம்பர் பான் முற்றி இறங்குகிற நிலையில் இருந்தது. உதவியாள் தனக்கோடி கண்ணாடித் தகட்டில் சொட்டு எடுத்து விளக்குக்கு நேரே நீட்டினான். பார்த்தார். குருணை நன்றாக, ஒரே அளவாக, அழகாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. உருட்டிய விரலை என்ன செய்தார். வழக்கமாக என்ன செய்வார் என்றால் நாக்கில் வைப்பார். நாக்கில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு அவசியமும் கிடையாது, கீழே ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது, ஆனாலும் வைப்பார், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, அது கையும் நாக்கும் தங்களுக்குள் செய்துகொள்கிற காரியம். அவரைக் கேட்பதில்லை. இரவிலிருந்து பட்டினி, பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்று ஜெசிந்தாவிடம் சத்தியம் மாதிரிச் சொல்லியிருக்கிறார். அவள் விரல் நுனியில் குத்திப் பார்த்துத் தொண்ணூற்றேழு என்றாள். சர்க்கரை ஆலைக்காரருக்குச் சர்க்கரை வியாதி இல்லையா சார் என்று சிரித்தாள். ஆலையில் எல்லாரும் சொல்கிற பழைய கேலிதான். இப்போது நாக்கைப் புரட்டிப் பார்த்தார். தித்திப்பு இல்லை. காலையில் போட்டிருந்தாலும் இத்தனை நேரம் இருக்காது. மீசையில் இருந்தது கொதிகலன் புகைபோக்கியிலிருந்து விழுகிற கரித்தூளாகவும் இருக்கலாம், குடியிருப்பு முழுவதும் சீசனில் துணி காயப்போட முடியாது. கரித்தூள் என்றால் அவள் அலுத்துக்கொண்டிருப்பாள். அலுத்துக்கொண்டாளா. துடைத்துவிட்டு முந்தானை நுனியைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்க்கரை என்றால் ஏன் சொல்லவில்லை. ஒரு தூள்தானே, என்ன ஆகிவிடப்போகிறது, சொன்னால் மனிதர் இதையே பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று விட்டிருப்பாள். விட்டிருந்தால் அது சரிதான், இதோ தொங்கிக்கொண்டிருக்கிறார். வைத்தோமா இல்லையா என்பது நினைவில் இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தினம் ஐம்பது தடவை செய்கிற காரியத்தை எந்த மனிதனும் தனித்தனியாக நினைவில் வைப்பதில்லை. காலையில் எந்தச் செருப்பை முதலில் மாட்டினோம் என்று யாரால் சொல்ல முடியும். இன்னொன்று அந்த இன்னொன்று. அவருக்கு முதல் காரணம் போதுமானதாக இருந்தது. நல்ல காரணம். டாக்டரிடம்கூடச் சொல்லலாம். மனசுக்குள் இருந்த பானில் நுரை அடங்கிப் பாகு கனத்துச் சோம்பலாகப் புரண்டது. பன்னிரண்டு நிமிடம்.

டாக்டர் நஸீமா நல்ல மாதிரி. வயது மாசிலாமணியின் மகள் அபிராமியைவிடப் பத்துதான் கூட இருக்கும். முதல் நாள் போனபோது படம் எதுவும் காட்டி மிரட்டவில்லை, மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார். மூளை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆனால் உடம்பு எரிக்கிற சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அல்சைமர் என்கிற நோயில் மறதி வெளியே தெரிவதற்கு வருடக்கணக்கில் முன்னாலேயே சில இடங்களில் அந்தத் தீனி குறைகிறது. ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது. "ஒரு விதமாச் சொல்றாங்க. இன்சுலின்னு ஒண்ணு போய்க் கதவைத் தட்டும். தட்டற சத்தம் உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கல. வாசல்ல சாப்பாடு நிறைய இருக்கு, வீட்டுக்குள்ள பசி." தையல்நாயகி அதைக் கேட்டு உச்சுக்கொட்டினாள், யார் வீட்டிலோ நடந்தது போல. எந்த இடம் முதலில் மங்கும் என்று அவர் கேட்டார். காதுக்கு மேலேயும் பின்னாலேயும், அப்புறம் நடுவில் பின்பக்கமாக ஒரு இடம் என்று டாக்டர் தன் தலையிலேயே தொட்டுக் காட்டினார். கையை அசைக்கிற இடமும் கண் பார்க்கிற இடமும் வெகுநாள் வரைக்கும் பழைய மாதிரியே எரியும் என்றார். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. கையும் கண்ணும் இருந்தால் பான் ஓட்டலாம். வந்ததே தையல்நாயகியின் பிடிவாதத்தால்தான். அபிராமிக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்ட அன்றைக்கு மண்டப வாசலில் நின்று சம்பந்தியைக் கைகூப்பி, வாங்க சம்பந்தி, வழியில சிரமம் ஒண்ணுமில்லையே என்று வரவேற்றார். அரைமணி கழித்து அதே மனிதரை, தட்டில் அவர் எடுத்த சந்தனம் கழுத்தில் காய்ந்திருக்க, பந்தி வாசலில் பார்த்து அதே கைகூப்பு, அதே சம்பந்தி, அதே சிரமம். சம்பந்தி பெரிய மனுஷர். சிரிக்காமல், சிரமமே இல்லீங்க, ரெண்டாவது தடவ வந்தப்ப ரோடு இன்னும் நல்லா இருந்துச்சு என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். தையல்நாயகி மட்டும் வளையல் தட்டைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவை, நெற்றியில் வியர்வை, அந்தப் பார்வை. விசேஷ வீட்டுக் களேபரத்தில் யாருக்கும் வருகிற மறதி என்று அவளிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் மறுநாளே டாக்டருக்கு நேரம் கேட்டு வாங்கிவிட்டாள். டாக்டர் அதையும் கேட்டு எழுதிக்கொண்டார், எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலேயே அவரைப் பார்த்தார். "படம் பாதிதான் சொல்லும் சார். மீதிப் பாதி நீங்க சொல்றதுல இருக்கு. மங்கலா இருந்தா அதுக்கு வேற காரணமும் இருக்கலாம். வேலையில ஏதாவது தப்பு நடந்திருக்கா, முன்ன நடக்காத மாதிரி?" ஒண்ணுகூட இல்ல என்று அவர் சொன்னார். யோசிக்காமல் சொன்னார். நாடகம் போட்டுச் சொல்லியிருந்தால் டாக்டர் கண்டுபிடித்திருப்பார். அது நிஜம் மாதிரியே வாயிலிருந்து வந்தது. படிவத்திலும் தன் கையாலேயே அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தையல்நாயகி பெருமையோடு, அவரு பான்ல நின்னா அதிகாரிங்களே கீழ நின்னுதான் பேசுவாங்க டாக்டர் என்றாள்.

நின்னுதான் பேசுவார்கள். பேசுவதும் கிடையாது. யாரும் பேச மாட்டார்கள், அதுதானே விஷயம். மீசையைச் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததும் முழங்கைப் பஞ்சுக்குக் கீழே ஒரு நமைச்சல் எடுத்தது, சொறியக் கூடாது, சொறிந்தால் கைக்கு ஓடும். பாகு இறுகி நூல் பதம் வந்ததும் விதை போட வேண்டும். விதை என்பது ஒரு குவளைச் சர்க்கரைத் தூள், மாவாக அரைத்துச் சாராயத்தில் கலக்கியது. அதை ஊற்றினால் பான் முழுக்கக் கோடிக் குருணை ஒரே நேரத்தில் பிறக்கும், அதற்கப்புறம் புதிதாக ஒன்றும் பிறக்க விடாமல் இருக்கிறதையே ஊட்டி வளர்க்க வேண்டும். ஒரு பானுக்கு ஒரு விதை. அது பான்மேனின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். இரண்டு தடவை போட்டால் வளர்கிற குருணைக்கு நடுவே பொடிக் குருணை தலையெடுக்கும், பொய்க் குருணை என்பார்கள், இரண்டும் ஒன்றோடொன்று அடைத்துக்கொண்டு பாகு வடியாது, முழுப் பானும் வீண். புதிதாகச் சேர்ந்தவன்கூடச் செய்ய மாட்டான், ஏனென்றால் புதியவன் பயந்து பயந்து பதிவேட்டைப் பார்ப்பான். செய்தால் பார்க்காமலே செய்கிற கைதான் செய்யும். மூன்று வாரத்துக்கு முன், பகல் ஷிப்டில், இரண்டாம் நம்பர் பானுக்கு மூன்று நாற்பதுக்கு விதை போட்டார். பதிவேட்டில் எழுதினார். டீ வந்தது, குடித்தார், கீழே ரசாயன அதிகாரி கூப்பிட்டு ஏதோ கேட்டார், போய்ப் பதில் சொல்லிவிட்டு மேலே வந்தார். வந்ததும் பாகைத் தொட்டு இழுத்துப் பார்த்தார், நல்ல நூல், விதைக்குத் தயார் என்று விரல் சொல்லிற்று, குவளையை எடுத்துக் கலக்கி ஊற்றினார். பதிவேட்டில் எழுதக் குனிந்தார். மேல் வரியில் விதை, மூன்று நாற்பது, அவருடைய கையெழுத்து. அதே மை. அவர் எழுதிக்கொண்டிருந்த வரியில் விதை, மூன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்றால், யாரோ தன் கையெழுத்தை நன்றாகப் போடப் பழகியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்புறம்தான் இரண்டு வரியும் தன்னுடையதே என்று தெரிந்தது. நிமிர்ந்தால் தனக்கோடி பக்கத்தில் நின்றான். பத்து வருடமாக அவருக்கு உதவியாக நிற்கிறவன், நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண்ணுக்கு அப்பன், முதல் தடவை ஊற்றும்போதும் அதே இடத்தில் நின்றவன். பாத்துக்கிட்டுத்தானேடா இருந்தே, ஏண்டா சொல்லல என்று கேட்டார். அவன் கொதிக்கிற பானைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க போட்டா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேண்ணே." கோபம்கூட வரவில்லை. வால்வைத் திறந்து வெந்நீர் காட்டி, பொடிக் குருணை கரைகிற மட்டும் காட்டி, கூடுதலாக ஒன்றரை மணி நேரம் நின்று, பெரிய நஷ்டமில்லாமல் அந்தப் பானைக் கரை சேர்த்தார்கள். மேலதிகாரிக்குப் பம்பில் கோளாறு என்று போயிற்று. தனக்கோடிதான் போய்ச் சொன்னான். அதைப் பற்றி அப்புறம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லையே தவிர, இன்று காலையில் மேடை ஏறியபோது மூன்றாம் நம்பர் பானின் கண்ணாடித் துவாரத்துக்குக் கீழே இரும்பில் சாக்பீஸால் இழுத்த ஒரு கோடு இருந்தது. விரல் நீளக் கோடு. விதை போடாத முதல் பானில் அது இல்லை, போட்ட இரண்டாம் பானில் இருந்தது. பார்த்தவுடனே புரிந்தது. மற்ற ஷிப்ட் பான்மேன்களுக்கு அந்தக் கோடு தேவையில்லை. அவருக்காகத் தனக்கோடி இழுத்து வைத்திருக்கிறான், வாயால் சொல்ல முடியாததை. எத்தனை நாளாக இழுக்கிறான். மூன்று வாரமாகவா. மூன்று வாரமாக அந்தக் கோட்டின் முன்னால் நின்று வேலை பார்த்துவிட்டு இன்றுதான் பார்த்தாரா, அல்லது தினமும் பார்த்து, பார்த்ததை ஒதுக்கி, அதனாலேயே அப்புறம் தப்பு நடக்காமல் இருந்ததா. தகட்டைப் பார்க்கிற மாதிரி விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் விரலில் இருந்தது நாக்குக்குப் போயிருக்க வேண்டும். போயிருக்கும். கை வேறென்ன செய்யும், மனிதன் முகத்தை மறைக்க வழியில்லாமல் நிற்கும்போது.

இருபத்தாறு, இருபத்தேழு நிமிடம். விதை பிடித்துக் குருணை கண்ணுக்குத் தெரிகிற நேரம். தலைக்குள் இப்போது சர்க்கரை எங்கெங்கே இறங்கிக்கொண்டிருக்கும் என்று கவனித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, காதுக்கு மேலே லேசாக ஒரு குறுகுறுப்பு, அது அவராகக் கற்பித்துக்கொண்டதுதான். அங்கே கதவுகள் இருக்கின்றன. சில திறக்கின்றன. சிலவற்றில் தட்டுகிறார்கள், உள்ளே யாரோ சாப்பாட்டு நேரம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவேளை தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்கோடி தட்டவில்லை என்று அவனைக் குறை சொல்லலாமா. அவன் தட்டினான், சாக்பீஸால். திறக்காதது யார். தையல்நாயகி துடைத்தாள், பார்த்தாள், சொல்லவில்லை. சம்பந்தி தமாஷாக்கிவிட்டார். இருபத்தெட்டு வருடமாக ஒரு தப்பும் இல்லாமல் நின்று நின்று, இவரிடம் தப்பு என்று சொல்லவே யாருக்கும் வாய் வராதபடி ஆக்கி வைத்திருக்கிறார். அதைப் பெருமை என்று நினைத்தார். பெருமைதான், இல்லை என்று யார் சொன்னது, அந்தக் கை ஆயிரமாயிரம் பான் இறக்கியிருக்கிறது. ஆனால் கையை அசைக்கிற இடம் வெகுநாள் எரியும் என்று டாக்டரே சொன்னாரே. எல்லாம் அணைந்த பிறகும் இந்தக் கை குவளையைத் தூக்கும். மூன்றாவது விதையும் போடும். ஆறுதலாக இருந்த அதே வாக்கியம் இப்போது பயமுறுத்தியது. பான் என்பது சர்க்கரை மட்டுமில்லை. நீராவி வால்வு இருக்கிறது, கீழே வாய் திறந்தால் இருபது டன் கொதிபாகு இறங்குகிற கதவு இருக்கிறது, அதற்கு நேர் கீழே ஆள் நிற்பார்கள். அதை ஒரு நாள் இரண்டு தடவை திறந்தால். பெருவிரல் மணிப் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. இப்போதே அமுக்கிச் சொல்லிவிடலாம். காலையில் நாக்கில் வைத்தேன், மூன்று வாரத்துக்கு முன் விதை இரண்டு தடவை போட்டேன், டாக்டரிடம் இல்லை என்றேன். அமுக்கினால் பேச வேண்டும், பேசினால் படம் கெடும், மறுபடி ஒரு நாள், மறுபடி ஈயப் பெட்டி, மறுபடி பட்டினி. அமுக்காவிட்டால் நாற்பது முடிவதற்குள் துணிவு பாதியாகுமா. இரண்டு மணி நேரத்தில் பாதியாகிற சர்க்கரையைவிட அவருடைய துணிவு மட்டமா. இல்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இறுகுகிற பானைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்பது அவருக்குக் கைவந்தது. விரலை எடுக்காமல், அமுக்காமல், அப்படியே வைத்திருந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மேடையிலிருந்து இறக்குவார்கள். நாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது, கீழே ஆய்வுக்கூடத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள், சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். தனக்கோடி பான்மேன் ஆவான். நல்ல பான்மேன் ஆவான், ஏனென்றால் அவனுக்கு யோசனை வருகிறது, சாக்பீஸ் அவனுடைய யோசனைதானே. நாளைக்கே போய் அவனிடம் சொல்ல வேண்டும், கோடு போதாது, நேரத்தையும் எழுது, பெரிசா எழுது, எல்லா ஷிப்டும் எழுதணும்னு சொல்லு என்று. இருபத்தெட்டு வருடம் அந்த மேடையில் இருந்து ஒரு சாக்பீஸ் கோடு மிச்சமானால்கூட மோசமில்லை. அபிராமிக்கு இன்னும் ஐந்து வாரம். இன்று சாயங்காலம் வரை அவள் பக்கத்தில் போகக் கூடாது, உங்கள் உடம்பிலிருந்து கதிர் வந்துகொண்டிருக்கும் என்றிருந்தாள் ஜெசிந்தா. வராந்தாவில் தையல்நாயகிகூட நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார வேண்டும். பரவாயில்லை, பாதியாகிப் பாதியாகி அது போய்விடும். குழந்தை வரும்போது அது யாரென்று தெரிந்து தூக்குவார். அதற்கடுத்த வருடம். அதற்கும் அடுத்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் இருட்டாக இருந்தது, அங்கே அவர் நெடுநேரம் நிற்கவில்லை. மனசுக்குள் இருந்த பானில் குருணை எழுந்து, கழுவி, கண்ணாடியில் பளிச்சென்று ஒட்டிக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இப்போது.

கதவு திறந்து வெளிச்சம் வந்தது.

"நாப்பது ஆயிடுச்சாம்மா?"

"முப்பத்தொம்பது சார். இப்பப் பேசலாம். பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, மிஷினுக்குப் போயிடலாம்."

முப்பத்தொன்பது. கடிகாரமில்லாமல், ஜன்னலில்லாமல், ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாமல். உள்ளே ஒரு துள்ளல் துள்ளியது. இந்தத் தலைக்கா கோளாறு. இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும். வாய்வரை வந்து நின்றிருந்த வாக்கியம் நைசாகப் பின்வாங்கப் பார்த்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். நேரத்தைக் கணக்குப் போட்டது பழகிய கைதான் என்று அவருக்குத் தெரியும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு நல்ல நூல் என்று சொன்னதும் அதுதான்.

"சிஸ்டர், காலையில சர்க்கரைய நாக்குல வச்சிருப்பேன்."

"வச்சீங்களா?"

"வச்சிருப்பேன். ஞாபகமில்ல. ஆனா வச்சிருப்பேன்."

எவ்வளவு என்று கேட்டாள். சுண்டுவிரல் நக நுனியைக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள், குத்திப் பார்த்தபோதே தொண்ணூற்றேழுதான் சார், இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது என்றாள். ஆகாவிட்டாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினாள். அவள் கையில் இருந்த தாள்களில் அவருடைய படிவம் தெரிந்தது. அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, அவள் பேனாவையும் வாங்கி, நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டார். வேலையில் தவறுகள் என்ற கட்டத்தில் இல்லை என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார், பதிவேட்டில் அடித்தல் வந்தால் அப்படித்தான் இழுக்க வேண்டும், முன்னால் என்ன எழுதியிருந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே எழுதினார்: விதை 3.40. மறுபடி விதை 3.52. இரண்டும் நானே. தேதி, முழுக் கையெழுத்து. கையெழுத்து அழகாக விழுந்தது.

ஜெசிந்தா வாங்கிப் படித்துப் பார்த்தாள். "என்ன விதை சார் இது? டாக்டருக்குப் புரியுமா?"

"புரியாது. அதுக்கு முன்னாடி வெளிய நாலு நாற்காலி தள்ளி எங்க வீட்டம்மா உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்டக் காட்டுங்க. அவங்களுக்கும் புரியாது." அவர் எழுந்து நின்று சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டார். "கேப்பாங்க. கேட்டாச் சொல்றேன்."